இன்சார்ஜ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. "நான் இங்கே வெறும் இன்சார்ஜ்தானேம்மா, ரெகுலர் ஜட்ஜ் வந்து பார்த்துக்கட்டும்" என்று அந்தப் பெரியவரின் வீட்டு வழக்குக்கு மூன்றாவது தடவையாக வாய்தா கொடுத்துவிட்டாய். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் கோபம் வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

கோர்ட்டில் டைப் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஓய்வு கிடைத்தால் நான் தேடிப் படித்தது முகம்மது ஹிதாயத்துல்லாவின் தீர்ப்புகளைத்தான். ராய்ப்பூரில் பள்ளிப் படிப்பு, பிறகு நாக்பூர், கேம்பிரிட்ஜ். 1930-இல் நாக்பூரில் வக்கீல். 1954-இல் அதே ஊர் உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதி. 1958-இல் உச்ச நீதிமன்றம், பத்து வருடத்தில் அங்கேயும் தலைமை நீதிபதி. இதெல்லாம் உனக்குப் பரீட்சைக்கே வந்திருக்கும். அவரும் ஒரு இன்சார்ஜ், தெரியுமா? நாட்டுக்கே இன்சார்ஜ்.

1969 மே மாதம் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். துணைக் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பைப் பார்த்தார். அவர் தேர்தலில் நிற்பதற்காக ஜூலையில் விலகிக்கொள்ள, இரண்டு நாற்காலியும் காலி. நல்லவேளை, அந்த மே மாதக் கடைசியில்தான் இப்படி நேர்ந்தால் தலைமை நீதிபதி பார்த்துக்கொள்வார் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டிருந்தது. ஜூலை 20-ஆம் தேதி ஹிதாயத்துல்லா பொறுப்பேற்றார். நிலவில் மனிதன் இறங்கிய நேரம் அது. எனக்கு எட்டு வயது. எங்கள் தெருவில் எல்லோரும் நிலவைத்தான் பேசினார்கள், டெல்லியை யார் கவனித்தார்கள்?

மொத்தம் 35 நாள். அதற்குள் அமெரிக்க அதிபர் நிக்சன் வந்தார், வரவேற்றார். 14 வங்கிகளை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது, ஆகஸ்ட் 9-ஆம் தேதி ஒப்புதல் கொடுத்தார். நிரந்தரமானவர் வரட்டும் என்று அந்த ஃபைல் கட்டை ஓரமாக வைக்கவில்லை. ஆகஸ்ட் 24-ஆம் தேதி கிரி பதவியேற்றதும், இவர் பாட்டுக்குத் தன் கோர்ட்டுக்குத் திரும்பிவிட்டார்.

எனக்குப் பிடித்த இடமே இதற்கு அப்புறம்தான். அந்த வங்கிச் சட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 11 நீதிபதிகள் உட்கார்ந்தார்கள், தலைமை நீதிபதி அதில் இல்லை. தானே ஒப்புதல் கொடுத்த சட்டத்தை எப்படித் தானே விசாரிப்பது? அவர்களில் பத்துப் பேர் 1970 பிப்ரவரியில் அதைச் செல்லாது என்றார்கள். ஆனால் பழைய சமஸ்தான மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்து அதே வருடம் கிரி ஓர் உத்தரவு போட்டபோது, அந்த அமர்வுக்குத் தலைமை இவர்தான். உத்தரவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது டிசம்பர் 15-ஆம் தேதி. ஓய்வுபெற ஒரே ஒரு நாள்தான் பாக்கி! போகிற நேரத்தில் எதற்கு வம்பு என்று நம் ஊரில் சொல்லமாட்டார்களா? அவர்களுக்கு அரசு கொடுத்துவந்த மன்னர் மானியம் சரியா தப்பா என்பது வேறு பேச்சு. எனக்கு அதில் பெரிய அனுதாபம் ஒன்றும் கிடையாது. ஒரு வருடம் முன்பு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து வந்த உத்தரவு ஆயிற்றே என்று அவர் கை நடுங்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

பின்னாளில் இவர் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தபோது, குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் 1982-இல் சிகிச்சைக்கு அமெரிக்கா போனார். இவர் மறுபடியும் இன்சார்ஜ். சில வாரங்கள்தான்.

உன் பொறுப்பு இன்னும் இரண்டு மாதமாவது இருக்கும் என்கிறாய். அந்தப் பெரியவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பஸ் மாறி வருகிறார் என்று நீதானே சொன்னாய். அடுத்த வாய்தா என்றைக்கு? சாட்சி விசாரணை முடிந்துவிட்டதா?

அன்புடன்,
அம்மா