வாசலுக்குப் போனால்தான் வாக்குப்பதிவு உயரும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத் தேர்தல் வரும்போதெல்லாம் எந்தத் தலைவருக்கு எவ்வளவு கூட்டம் கூடியது, சமூக வலைதளங்களில் எந்தக் கட்சியின் கை ஓங்கியிருக்கிறது என்று பக்கம் பக்கமாகச் செய்திகள் வெளியாகின்றன. வாக்குப்பதிவு முடிந்த மறுநாளோ, பதிவு குறைந்துவிட்டது, மக்களுக்குப் பொறுப்பே இல்லை என்று பலரும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். வீடு வீடாகச் சென்று வாக்காளர் விழிப்புணர்வுப் பணி செய்துவரும் தன்னார்வலர்களில் ஒருவனான என்னால் இந்தக் குறையை ஏற்க முடியவில்லை. வாக்குச்சாவடிப் பக்கமே வராத பலரை, 'வாருங்கள்' என்று யாரும் ஒருமுறைகூட நேரில் சென்று அழைத்ததில்லை என்பதே நான் கண்டது.

நேரில் சென்று அழைப்பதற்கு என்ன பலன் என்பது முறையாக ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1998ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரு அரசியல் அறிஞர்கள், ஏறத்தாழ 30,000 வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை நேரில் சந்தித்தும், சிலருக்கு அஞ்சல் அனுப்பியும், சிலரைத் தொலைபேசியில் அழைத்தும் வாக்களிக்குமாறு கேட்டுக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். நேரில் சந்தித்துப் பேசப்பட்டவர்களிடையே வாக்குப்பதிவு 8 சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் உயர்ந்ததாக அவர்கள் கணக்கிட்டார்கள். அஞ்சலால் கிடைத்த பலன் சொற்பம், தொலைபேசி அழைப்பால் பலனே இல்லை. பரபரப்பான பொதுத் தேர்தலில் பலரும் தாமாகவே வந்துவிடுவதால் உயர்வு இந்த அளவுக்கு இருக்காது என்பது உண்மைதான். ஆனாலும், பத்தாயிரம் பேருக்கு ஒரே நொடியில் செய்தி அனுப்பிவிட்டு வேலை முடிந்ததென்று நினைக்கும் இயக்கங்கள் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

வாசலில் நடப்பது பெரும்பாலும் பிரசாரமே அன்று. "போன தடவை ஓட்டுப் போட்டேன், என் பெயர் கண்டிப்பாக இருக்கும்" என்று உறுதியாகச் சொல்லும் ஒருவரின் எதிரிலேயே வாக்காளர் பட்டியலை விரித்து, அந்த வீட்டு எண்ணில் விரலை வைத்து வரிவரியாகப் படித்துக் காட்டும்போது, காலமாகிவிட்ட தாயாரின் பெயர் நீக்கப்படாமல் இருப்பதும், 18 வயது நிறைந்த மகளின் பெயர் இன்னும் சேர்க்கப்படாமல் இருப்பதும் அவருக்கே அப்போதுதான் தெரியவருகிறது. குடிமாறி வந்தவர்களின் பெயர் பழைய முகவரியிலேயே தங்கியிருக்கிறது. இதையெல்லாம் விண்ணப்பம் கொடுக்கக் கெடு இருக்கும்போதே கண்டுபிடித்தால் சரிசெய்துவிடலாம். கெடு முடிந்த பிறகு எவ்வளவு உருக்கமாக வேண்டிக்கொண்டும் பயனில்லை. அதனால்தான் இந்த வேலை பிரசாரம் சூடுபிடிப்பதற்குப் பல வாரங்கள் முன்பே தொடங்க வேண்டும் என்கிறேன்.

வாக்களிப்பது கடமை என்று வீட்டுக்கு வீடு உபதேசம் செய்வதைவிட, "எத்தனை மணிக்குப் போவீர்கள்? வேலைக்குப் போகும் முன்பா, திரும்பிய பிறகா? எந்தச் சாவடி என்று தெரியுமா?" என்று கேட்பது நல்லது. 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்த ஓர் ஆய்வில், இப்படித் திட்டத்தைச் சொல்லவைத்தபோது வாக்குப்பதிவு கூடியதும், வீட்டில் வேறு வாக்காளர் எவரும் இல்லாதவர்களிடம் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்ததும் பதிவாகியுள்ளது. போகலாமா என்று பேசிக்கொள்ள வீட்டில் ஆளில்லாதவருக்கு, அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் வந்ததே பெரிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

என் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. கட்சிகளின் ஊழியர்கள் தமக்கு நிச்சயம் கிடைக்கும் வாக்குகளைத் தேடித்தான் போகிறார்கள். தொடர்ந்து வாக்களிப்பவர் வீட்டுக்கு மூன்று கட்சிக்காரர்களும் வருவார்கள். ஒருமுறையும் வாக்களிக்காதவர், வாடகைக்கு இருப்பவர், பிழைப்புக்காக வந்து தங்கியிருப்பவர் வீடுகளை மூவருமே தாண்டிச் செல்வார்கள். அழைக்கப்படாதவர் வருவதில்லை, வராதவர் அழைக்கப்படுவதில்லை. எந்தக் கட்சியையும் சாராத குடியிருப்போர் சங்கங்களும் மாணவர் குழுக்களும் மகளிர் குழுக்களும் போக வேண்டிய வாசல்கள் இவையே.

இந்தப் பணிக்கு எளிய வரலாறு கிடையாது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1964ஆம் ஆண்டு கோடையில், கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்ய ஏறத்தாழ 1,000 தன்னார்வலர்கள் சென்றார்கள். தொடக்கத்திலேயே அந்த இயக்கத்தைச் சேர்ந்த மூவர் கொல்லப்பட்டனர். அந்தக் கோடையில் சுமார் 17,000 பேர் துணிந்து விண்ணப்பிக்கச் சென்றும், ஏற்கப்பட்டவை 1,600 அளவிலேயே இருந்தன. ஆனால் அந்த மறுப்பு உலகத்தின் கண்ணில் பட்டது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு அது ஒரு காரணமாயிற்று. அதற்கு முன் 7 சதவீதத்தைக்கூடத் தொடாத கறுப்பின மக்களின் பதிவு, 1967க்குள் 60 சதவீதத்தை நெருங்கியது.

இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலிலும், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொல்லித் தம் பெயரைச் சொல்லாததால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பின்னாளில் அந்த இடைவெளி குறைந்ததற்கு, பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களின் உழைப்பும் ஒரு காரணம்.

வாக்களிப்பதைச் சட்டப்படி கட்டாயமாக்கிவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. ஆஸ்திரேலியா 1924இல் அப்படிச் செய்தது; 1922இல் 60 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த வாக்குப்பதிவு 1925இல் 91 சதவீதத்தைத் தாண்டியது. அதன் பலனை நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தகைய சட்டம் இல்லாத நாடுகளில் அடுத்த தேர்தலுக்குள் அது வந்துவிடாது. வாசற்கதவைத் தட்டுவதை நாளைக் காலையிலேயே தொடங்கிவிடலாம்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தேர்தல் தேதி அறிவிக்கப்படுவதற்குக் காத்திராமல், பெயர் சேர்ப்பதற்கான கடைசி நாள், தேவைப்படும் ஆவணங்கள், விண்ணப்பிக்க வேண்டிய இடம் ஆகியவற்றை வாரந்தோறும் முதல் பக்கத்தில், வாசகர் வெட்டியெடுத்து அண்டைவீட்டாரிடம் கொடுக்கும் அளவில், ஒரு கட்டமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்களைப் போன்றவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம்.

இப்படிக்கு,
வாக்காளர் விழிப்புணர்வுத் தன்னார்வலர் ஒருவர்