வேலி தாண்டிய அம்மா

அன்புள்ள மகளுக்கு,

கிரீஸில், பழங்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியா ஓட்டக்களத்தில் நீ நிற்கும் படம் வந்தது. முழு நீளமும் ஓடி மூச்சு வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறாய். 192 மீட்டர்தானே! பள்ளியில் 200 மீட்டர் ஓடியவளுக்கு இது ஒரு தூரமா? வேளாவேளைக்குச் சாப்பிடு.

அந்த இடத்துக்கு அந்தக் காலத்து ஒலிம்பிக் விழா நாட்களில் என்னைப் போன்ற மணமானவள் வந்திருந்தால், டிபாயோன் மலையிலிருந்து உருட்டிவிட்டிருப்பார்கள். ஆல்ஃபியோஸ் ஆற்றைத் தாண்டினாலே குற்றம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போய்வந்த கிரேக்க எழுத்தாளர் பாசனியாஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். கன்னிப் பெண்கள் பார்க்கலாமாம். என்ன கணக்கோ!

பிடிபட்டவள் ஒருத்திதான்: கல்லிபதேரா. கணவனை இழந்தவள். ஆண் பயிற்சியாளர் வேடத்தில் மகனை அழைத்து வந்தாள். அவன் ஜெயித்ததும் பயிற்சியாளர்களை நிறுத்தியிருந்த வேலியைத் தாண்டிக் குதித்தாள். ஆடை விலகியது, குட்டு வெளிப்பட்டது. அப்பா டயகோரஸ் பேர்போன குத்துச்சண்டை வீரர். அண்ணன் தம்பிகளும் மகனும் அங்கேயே வென்றவர்கள். அவர்கள் முகத்துக்காக விட்டுவிட்டார்கள். அதோடு விட்டார்களா? இனிமேல் வீரர்களைப் போலவே பயிற்சியாளர்களும் நிர்வாணமாகத்தான் வரவேண்டும் என்று சட்டம் போட்டார்கள்!

உன் விளையாட்டு விழாவில் நான் கயிற்றைத் தாண்டி ஓடிவந்ததற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாயே, நினைவிருக்கிறதா? நீ மூன்றாவதாகத்தான் வந்தாய். ஜெயித்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ.

பெண்களுக்குத் தனியாக ஹேரா தேவிக்கு ஒரு விழா இருந்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, பதினாறு பெண்கள் கூடித் தேவிக்கு ஆடை நெய்து, கன்னிப் பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் நடத்தினார்கள். அவிழ்த்த கூந்தல், முழங்காலுக்கு மேல் ஆடை, திறந்த வலது தோள். ஓடியது இதே களத்தில்தான், ஆனால் தூரத்தில் ஆறில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார்கள். வென்றவளுக்கு ஒலிவக் கிரீடமும், பலியிட்ட பசுவின் இறைச்சியில் பங்கும் உண்டு.

ஸ்பார்ட்டா என்ற கிரேக்க நகரத்துப் பெண் கினிஸ்கா கி.மு. 396இல் ஒலிம்பிக் தேர்ப்பந்தயத்தையே வென்றாள். குதிரைகளின் சொந்தக்காரருக்குத்தான் பட்டம் என்பதால், களத்துக்குப் போகாமலே வெல்ல முடிந்தது.

தடையெல்லாம் இருந்தும், மணமான ஒருத்திக்கு மட்டும் அங்கே இருக்கை உண்டு: தானியங்களின் தேவியான டெமிட்டரின் கோயில் பூசாரிணி. களத்தின் வடக்குக் கரையில், நடுவர்களுக்கு நேர் எதிரே, வெள்ளைக்கல் பலிபீடத்தில் அமர்ந்து பார்ப்பாள். உன் படத்தில் அந்தப் பக்கம் விழவில்லை. ஊருக்குத் திரும்புவதற்குள் இன்னொரு முறை போக முடிந்தால், அதையும் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா