ட்ரோபோனின் கேசட்டுகளின் புதிய லாட்டில் உள்ள ஒளிர்துகள் குறைபாடு குறித்த புகார்

பெறுநர்: தரக் கட்டுப்பாட்டு மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நெஞ்சுவலியுடன் வருவோருக்கு, இதயத் தசை சேதமடையும்போது இரத்தத்தில் கூடும் புரதமான ட்ரோபோனின் ஐயின் அளவை உடனடியாகப் பார்ப்பதற்கு எங்கள் மருத்துவமனை ஆய்வகம் மாதிரியை இட்டுச் சோதிக்கும் தங்களுடைய ஒளிர்வுக் கேசட்டுகளையும், அவற்றின் ஒளியை அளக்கும் ரீடரையும் நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறது. அண்மையில் வந்து சேர்ந்த லாட்டில் (உற்பத்தித் தொகுதியில்), பெரிய அனலைசர் வரம்புக்குச் சற்று மேலே காட்டும் மாதிரிகள் 'நெகட்டிவ்' என்று வருகின்றன. அதே மாதிரியைப் பழைய லாட்டில் மிஞ்சியிருந்த கேசட்டில் இட்டால், அதே ரீடர் 'பாசிட்டிவ்' என்கிறது.

இதைத் தெரிவித்தபோது தங்கள் சேவைப் பிரிவு அளித்த பதில், ரீடரைத் துடைக்கவும், கிட்டுகளை 4 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கவும் என்பதுதான். ரீடருடன் தாங்களே அனுப்பிய சரிபார்ப்புக் கேசட் உரிய எல்லைக்குள்தான் காட்டுகிறது. வெப்பநிலைப் பதிவேட்டின் நகலை முதல் கடிதத்துடனேயே இணைத்திருந்தோம். அதை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆகவே, பயன்படுத்திய கேசட்டுகளைப் பிரித்து, இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தோம். பழைய லாட்டில், ஒளிர்துகள்களில் உள்ள யூரோப்பியம் என்ற தனிமத்துக்கே உரிய சிவப்பு ஒளி, ட்ரோபோனினைக் காட்டும் சோதனைக் கோடு, சோதனை சரியாக நடந்ததைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு என இரண்டு மெல்லிய கோடுகளாக மட்டும் தெரிந்தது. புதிய லாட்டிலோ, துகள்கள் உலர்த்தி வைக்கப்பட்டிருக்கும் பஞ்சும், மாதிரி பரவிச் செல்லும் நைட்ரோசெல்லுலோஸ் சவ்வும் சேரும் இடத்தில் சிவப்பு தடித்த பட்டையாகத் தேங்கி நின்றது. அதற்கப்பால் சவ்வெங்கும் சிவப்புப் புள்ளிகள் இறைந்து கிடக்க, கோடுகள் இரண்டும் வெளிறியிருந்தன. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, சவ்வின் நுண்துளைகளில் சிக்கிக்கொண்டன என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கமாக எங்களுக்குப் படுகிறது. இது துகள்களின் மேல் ஆன்டிபாடி (ட்ரோபோனினைப் பிடிக்கும் புரதம்) பூசும்போது நேர்ந்ததா, உலர்த்தும்போது நேர்ந்ததா என்பதைத் தங்கள் உற்பத்திப் பதிவேடுகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

யூரோப்பியத்தின் ஒளிர்வு நூற்றுக்கணக்கான மைக்ரோநொடிகள் நீடிப்பதால், சவ்வும் இரத்தமும் தரும் பின்னணி ஒளி அணைந்த பிறகே ரீடர் அளக்கிறது என்று தங்கள் கையேடு பெருமையுடன் கூறுகிறது. உண்மைதான். ஆனால் சவ்வில் சிக்கிக் கிடப்பவையும் யூரோப்பியத் துகள்களே என்பதால், எவ்வளவு தாமதித்து அளந்தாலும் அந்த ஒளி கோடுகளின் ஒளிக்கு முன்பே அணைந்துவிடாது. மங்கலான சோதனைக் கோடு அதற்குள் அமிழ்ந்துபோகிறது. இதைவிடக் கவலைக்குரியது, கட்டுப்பாட்டுக் கோடு எவ்வளவு வெளிறியிருந்தாலும், அது தென்பட்டாலே போதும் என்று ரீடர் முடிவை அச்சிட்டுவிடுவதாகும். 'செல்லாது' என்று காட்டியிருந்தால் ஒரு கேசட் வீணாயிற்று என்று விட்டிருப்போம். 'நெகட்டிவ்' என்று அச்சாகி வந்தால், மாரடைப்பு வந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட நேரலாம்.

எனவே இந்த லாட்டை முழுமையாகத் திரும்பப் பெற்று, வேறு லாட் அனுப்புமாறும், இதன் துகள் அளவுச் சோதனை அறிக்கையை எங்களுக்கு வழங்குமாறும், இதே லாட்டைப் பெற்ற மற்ற ஆய்வகங்களுக்குத் தாமதமின்றி எச்சரிக்கை அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறோம். கட்டுப்பாட்டுக் கோட்டின் ஒளிக்குக் குறைந்தபட்ச வரம்பு ஒன்றை ரீடரின் மென்பொருளில் சேர்ப்பதும் அவசியம். பிரிக்காத கேசட்டுகளைத் தங்கள் ஆய்வுக்காகத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம். புற ஊதா ஒளியில் எடுத்த படங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்