சருவம் தந்த பாட்டிக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

கரைக்கு வந்தவர்களுக்கும், வர முடியாமல் சாக்கும் சல்லடையும் கொடுத்தனுப்பியவர்களுக்கும் வணக்கம்.

என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025 மே 25-ல் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கி, அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் கரை ஒதுங்கியதிலிருந்து குமரியின் மேற்குக் கரையில் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. கட்டி வைத்திருந்த மூட்டைகளில் கடைசியை நேற்று மாலை வண்டியில் ஏற்றியாயிற்று. உப்புத் தண்ணீரில் ஊறிய கை எரிகிறது. இருந்தாலும் படுப்பதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும்.

முதல் நன்றி பாட்டிக்கு. பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மீன் சருவத்தோடு (மீன் விற்கக் கொண்டுபோகும் அகலப் பாத்திரம்) வந்த பாட்டி என்றால் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அப்போது நாங்கள் சல்லடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். காய்ந்த மணல் என்றால் சலித்துவிடலாம். மழையில் நனைந்த மணல் சல்லடைக் கண்ணை அடைத்துக்கொண்டு இறங்கவே மறுத்தது. சவ்வரிசி போல வெள்ளை வெள்ளையாக மணிகள். பாசி, சிப்பித் துண்டு, சுள்ளி எல்லாவற்றோடும் கலந்து கிடந்தன. விட்டால் மீன்கள் முட்டையென்று நினைத்து விழுங்கிவிடும் என்ற பதைப்பு வேறு. கையால் பொறுக்கியும் பார்த்தோம். ஒரு அலை ஏறி இறங்கினால், பொறுக்கிய இடத்தில் மறுபடி அதே அளவு கிடக்கும்.

பாட்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "மக்களே, மண்ண அரிச்சிட்டே இருந்தா என்னைக்கு முடியும்? தண்ணில போடு. பாரம் உள்ளது கீழ போவும், இது மேல வரும்" என்றார். சொன்னதோடு போய்விடவில்லை. தலையிலிருந்த அலுமினியச் சருவத்தை இறக்கி, பாதிக்குக் கடல் தண்ணீர் மொண்டு ஊற்றினார். இரண்டு கை மணலை அள்ளிப் போட்டு ஒரு கலக்கு கலக்கினார். மணல் அடியில் உட்கார்ந்தது, மணிகள் மிதந்தன. பழைய கொசுவலைத் துண்டை வளைத்த கம்பியில் கட்டி மேலாக அள்ளினோம். இந்த மணிகள் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக், அது தண்ணீரைவிட லேசானது, உப்புத் தண்ணீரில் இன்னும் நன்றாக மிதக்கும் என்பதெல்லாம் பாடத்தில் இருப்பதுதான். அதைக் கரைக்குக் கொண்டுவந்தது பாட்டி.

கலக்கிய தண்ணீரை அப்படியே கொட்டப் போனவர்களைத் தடுத்ததும் அவர்தான். துணியில் வடித்துத்தான் ஊற்ற வேண்டுமாம். வடித்த துணியில் ஒட்டியிருந்த மணிகளைப் பார்த்த பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அந்தச் சருவம் அவருடைய பிழைப்பு. மீன் வாங்குகிறவர்கள் பயந்து ஒதுங்கியிருந்த சமயம் என்பதால், "சும்மாதானே கெடக்கு" என்றார். நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. மறுநாள் பக்கத்துத் தெருப் பெண்களும் தங்கள் சருவங்களோடு வந்து சேர்ந்தார்கள். அப்புறம்தான் வேலை மளமளவென்று நடந்தது.

இடையில் பாட்டி கேட்டார்: "இத வச்சு என்ன செய்வாவ?" பை, வாளி, குடம், பாட்டில் மூடி எல்லாம் இந்த மாதிரி மணிகளை உருக்கிச் செய்வதுதான் என்றோம். இடுப்பில் செருகியிருந்த கறுப்புக் கவர் கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீன் போட்டுக் கொடுக்கிற கவர். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கேட்டால் இன்றும் கிடைக்கிறது. "முன்ன ஓலப்பெட்டி கொண்டு வருவாவ. இல்லன்னா தேக்கிலையில பொதிஞ்சு குடுப்பேன்" என்றார். பேச்சு அதோடு நின்றுவிட்டது. ஆனால் இந்த வாரம் வியாபாரத்துக்குத் திரும்பியவர், வருகிறவர்களிடம் பாத்திரம் கொண்டுவரச் சொல்கிறாராம். முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவருகிறார்களாம்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருந்த விசைப்படகுத் தொழிலாளர்கள், லீவு போட்டு வந்த ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், மூட்டைகளை அடுக்க இடம் தந்த கோயில்காரர்கள், மழையிலும் நின்ற மாவட்ட நிர்வாக ஊழியர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வந்தவர்கள். டீக்கடை அண்ணன் அத்தனை பேருக்கும் கண்ணாடி டம்ளரில்தான் டீ கொடுத்தார். கழுவி மாளவில்லை, ஆனாலும் பேப்பர் கப்பை எடுக்கவில்லை. அந்தக் கப்புக்குள்ளும் பிளாஸ்டிக் பூச்சு உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

2021-ல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் மணிகள் கடலில் கொட்டியதாகக் கணக்கு. அங்கேயும் ஆட்கள் இப்படித்தான் சல்லடையோடு குந்தியிருந்தார்கள். மணி அரிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. இந்தக் கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் இந்த மணிகள் பையாகவும் உறையாகவும் மாறி, ஒரு தடவை கைமாறி, அதில் ஒரு பங்கு ஓடை வழியாக ஏதோ ஒரு கடலுக்குத்தான் போயிருக்கும். அப்போது யாரும் சருவத்தோடு வந்திருக்க மாட்டோம். கப்பலை நான் என்ன செய்ய முடியும்? நீட்டுகிற கவரை வேண்டாம் என்னலாம். ஒரு தூக்குப்பாத்திரம் வண்டியில் தொங்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இனி அது தொங்கும். மீனுக்கு மட்டுமில்லை, எண்ணெய்க்கும் மாவுக்கும் சேர்த்துத்தான்.

சரி, வேலை முடிந்துவிடவில்லை. கடல் அடிக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஒதுங்கும். ஞாயிறு காலை மறுபடி கூடுகிறோம். சருவம் போதுமான அளவு இருக்கிறது, கொசுவலைதான் வேண்டும். கிழிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே செம்பிலோ எவர்சில்வர் பாட்டிலிலோ கொண்டு வாருங்கள். கடையில் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தால் பாட்டியிடம் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.