மந்தைச் சாவடித் திருப்பணி நிறைவு அறிக்கை

தலைக்கட்டு வரி கொடுத்த குடும்பத்தார்க்கும், வெளியூரிலிருந்து பணம் அனுப்பிய பங்காளிகள், மாமன் மைத்துனர்கள் அனைவர்க்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம். உசிலம்பட்டி வட்டாரத்தில் இடிந்து கிடக்கும் சாவடிகள் பல இருக்க, ஊர் கூடும் பொதுக் கட்டடமான நம் மந்தைச் சாவடியை இடிக்காமலே செப்பனிட்டு முடித்திருக்கிறோம். வரவு செலவுக் கணக்கு ரசீதுகளுடன் சாவடியில் வைக்கப்பட்டுள்ளது, யாரும் பார்வையிடலாம்.

பணி தாமதமானதற்கு விளக்கம் கூற வேண்டியது எங்கள் கடமை. முன்பொரு முறை சுவருக்கு சிமெண்டு பூசியதில், அடியிலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் உப்புப் பூத்து உதிர்ந்திருந்தது. இது தெரிந்தும் முதலில் அமர்த்திய கொத்தனார் மறுபடி சிமெண்டையே பூச, நாங்களும் இரண்டு நாள் கவனியாமல் இருந்துவிட்டோம். அதைக் கொத்தி எடுத்த கூலி வீண் செலவுதான். பின்னர், சுண்ணாம்பு வேலை அறிந்த வயதான கொத்தனார் ஒருவர் கிடைத்தார். நீற்றிய சுண்ணாம்பை மணலுடன் சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டு அரைத்து, ஒவ்வொரு பூச்சும் இறுகும்வரை காத்திருந்து அடுத்ததைப் பூசினார். மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய மெட்ராஸ் ஒட்டுத் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்தினர். அந்தச் சத்தத்தைக் கேட்கவே பக்கத்து ஊரிலிருந்தும் ஆட்கள் வந்தனர்.

கல்தூண்களில் அப்பியிருந்த எனாமல் பெயிண்டை இயந்திரம் கொண்டு பீய்ச்சி எடுக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். தரைக்கு கிரானைட் போடலாம் என்று பலர் விரும்பினர். ஆனால் பழைய பலகைக்கற்களில் ஆடுபுலி ஆட்டக் கட்டங்கள் கீறப்பட்டிருப்பதால், கற்களைப் பெயர்க்காமல் இடுக்குகளை மட்டும் சுண்ணாம்பால் அடைத்திருக்கிறோம்.

உள்சுவரில் வைத்துள்ள வரலாற்றுப் பலகை குறித்துத்தான் குழுவில் கருத்து வேறுபாடு எழுந்தது. சில சாதியாரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதி ஆங்கிலேயர் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிவுபடுத்தப்பட்ட பின், பிறமலைக் கள்ளர் ஊர்களில் வயது வந்த ஆண்கள் கைரேகை பதிந்துவிட்டு, காவல் நிலையத்திலோ காவலர் கண்பார்வையில் ஊர்ப் பொதுவிடத்திலோ இரவைக் கழிக்க வேண்டியிருந்தது. அயலூர் போக ராதாரிச் சீட்டு எனும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. நம் சாவடியிலும் அப்படி இரவில் ஆட்களைப் படுக்க வைத்ததைப் பாட்டன்மார் வாயால் கேட்டவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். பெண் கொடுத்து எடுக்கும் இடத்தில் இதை எழுதி வைக்க வேண்டுமா என்று மூத்தவர் சிலர் கேட்டனர். அவர்கள் மனத்தாங்கலை மதிக்கிறோம். ஆயினும் வெட்கப்பட வேண்டியது சட்டம் போட்டவர்களே அன்றி அதனைச் சுமந்தவர்கள் அல்லர் என்பதே பெரும்பான்மையோர் கருத்தாக இருந்தது. ரேகை பதிய மறுத்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் உட்பட 16 பேர் உயிர்நீத்ததும், சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீக்கப்பட்டதும் பலகையில் இடம்பெற்றுள்ளன. ஆடுபுலிக் கட்டங்கள் அந்த இரவுகளில் கீறப்பட்டவை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பேச்சு என்றே குறித்திருக்கிறோம்.

திறப்பு நாளில் மேடையோ மாலை மரியாதையோ இல்லை. மந்தையில் பொங்கல் வைத்து, பெரியவர்கள் தரையில் அமர்ந்து தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல, பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டனர். இருட்டிய பின்னும் யாரும் எழவில்லை.

பழைய சீட்டுகள், பட்டா, ஓலை எதுவும் பரணில் இருந்தால் கொண்டு வாருங்கள். உங்கள் எதிரிலேயே படம் எடுத்து உடனே திருப்பித் தருகிறோம். மீந்த சுண்ணாம்பு அடுத்த தையில் வெள்ளையடிப்பதற்காகக் கோயில் அறையில் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. சாவி பூசாரியிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்