விடியுமுன் விளக்கை அணையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் காலை பறவை பார்க்கவும் இரவில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கேற்றி அந்துப்பூச்சி பார்க்கவும் கிராமப்புறம் செல்வோர் பலர். இரண்டையும் ஒரே இடத்தில் செய்யும்போதுதான் ஒரு பெருந்தவறு நேர்கிறது. இரவெல்லாம் விளக்கை எரியவிட்டால், துணியில் ஒட்டியிருக்கும் பூச்சிகள் விடிந்ததும் பறவைகளுக்கு இரையாகின்றன. கரிச்சானும் மைனாவும் கொண்டைக்குருவியும் அந்த இடத்தை விரைவில் பழகிக்கொள்ளும். அடுத்தடுத்த நாட்களில் சரியாக அங்கேயே வந்து நிற்கும்.

பூச்சிகள் ஆசைப்பட்டு விளக்குக்கு வருவதில்லை. ஒளி வரும் பக்கமே வானம் என்று கொண்டு முதுகை அந்தப் பக்கம் திருப்புவதால் அவை விளக்கைச் சுற்றிச் சிக்கிக்கொள்கின்றன என்பதை, 2024இல் வெளியான ஆய்வு ஒன்று அதிவேகக் கேமராப் பதிவுகளால் காட்டியது. மிகப் பெரிய அந்துப்பூச்சிகளில் ஒன்றான அட்லஸ் அந்துப்பூச்சிக்கு இந்த இழப்பு இன்னும் பெரிது. வளர்ந்த பருவத்தில் அது எதையும் உண்பதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் ஒன்றிரண்டு வாரம்தான் வாழும். அதற்குள் இணை சேர்ந்து முட்டையிட வேண்டும்.

ஆகவே, இருட்டத் தொடங்கியதும் விளக்கேற்றி நள்ளிரவோடு நிறுத்துவது நல்லது. பின்னிரவு இனங்களைப் பார்க்க விரும்பினால் மூன்று மணிக்கு மீண்டும் ஏற்றலாம். ஆனால் விடிய ஒரு மணி நேரம் இருக்கையிலேயே அணைத்துவிட வேண்டும். போகாமல் தங்கும் பூச்சிகளை ஒரு தாளில் ஏறவிட்டு, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி அடர்ந்த புதர்களின் உட்புறத்தில், ஒரே செடியில் குவிக்காமல் பிரித்து விடுங்கள். இறக்கையைப் பிடிக்கக் கூடாது, செதில் உதிரும். அடுத்தடுத்த இரவுகளில் அதே இடத்தில் துணி கட்டவும் வேண்டாம்.

துணியின் கீழ்விளிம்பைத் தரையில் ஒரு மீட்டராவது விரித்துவிட்டால் கீழே விழும் பூச்சிகள் கண்ணில் படும், காலில் மிதிபடாது. சாதாரண வெள்ளை எல்இடியில் புற ஊதா ஒளி மிகக் குறைவு, அதனால் பூச்சிகளும் குறைவாகவே வரும். 365 நானோமீட்டர் அளவிலான புற ஊதா எல்இடி போதும். அதை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. பாதரச ஆவி விளக்கு என்றால், சூடாக இருக்கும்போது தூறல் பட்டாலே பல்பு வெடிக்கலாம். அணைத்தால் ஆறும்வரை மறுபடி எரியாது. நிலவில்லாத, காற்றில்லாத, புழுக்கமான இரவே சிறந்தது. வெள்ளைத் துணியைக் கண்டு கேமரா தானாக ஒளியைக் குறைத்துவிடும், படத்தில் பூச்சி கறுப்பாக விழும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா ஏற்கும் ஒளியின் அளவை, ஒரு படி கூட்டினால் சரியாகும்.

பறவை பார்க்க, சூரியன் உதித்த முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான் பொன்னான நேரம். வெயில் ஏறியபின் தொலைவில் எல்லாம் அலையாடுவது பைனாகுலரின் குறை அன்று. சூடேறிய தரைக்காற்றால் வருவது. எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் அதைத் தீர்க்க முடியாது. கையில் பிடித்துப் பார்க்க 8x42 பைனாகுலர், அதாவது எட்டு மடங்குப் பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன்வில்லையும் கொண்டது, போதும். பத்து மடங்குப் பெருக்கம் கை நடுக்கத்தையும் சேர்த்தே பெருக்கும்.

கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதைக் கூடுகட்டும் காலத்தில் அறவே விட வேண்டும். எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதென்று எண்ணி அது இரை தேடுவதை விட்டு ஓடிவரும். தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவி நண்பகலில் முட்டைமேல் நின்று நிழல் தரும். வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். படமெடுக்க நாம் அருகில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த முட்டை வெயிலில் கிடக்கிறது. பறவை கத்தியபடி வட்டமிட்டால் வந்த வழியே உடனே திரும்பிவிட வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு வாசகர்கள் அனுப்பும் கூடு, முட்டை, குஞ்சுப் படங்களை வெளியிடாமல் தவிர்க்க வேண்டுகிறோம். மற்ற படங்களோடு, எவ்வளவு தொலைவிலிருந்து எடுத்தது என்பதையும் ஒரு வரி சேர்த்தால் புதிதாகத் தொடங்குவோருக்கு அது பாடமாக இருக்கும்.

இப்படிக்கு,
பறவை, அந்துப்பூச்சி ஆர்வலர்கள்