தசமத்தில் ஒரு பிழை: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அண்ணா,

வியாழக்கிழமை அம்மாவுக்குத் தலைத் திவசம். தபாலில் அனுப்பினால் உறையைப் பிரிக்காமலே அலமாரியில் செருகிவிடுவாய் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன். யாராவது ஒருவர் உன்னிடம் கொண்டுவந்து காட்டாமல் இருக்கமாட்டார்கள். சொந்தபந்தங்களும் படிப்பார்கள் என்பதால் தொகைகளை எழுதவில்லை. அவை உனக்கு மனப்பாடம்.

காமிக்ஸ் பெட்டியைப் பிரிப்பதென்று முடிவு செய்துவிட்டேன். மார்வெல் காமிக்ஸின் வில்லன் டாக்டர் டூம் வருகிற புத்தகங்கள் அத்தனையும் உனக்கு. நம் பழைய வாதத்தில் நீ வென்றுவிட்டாய் என்பதற்காக அல்ல, பாதிதான் வென்றாய்.

ஒரு வில்லனை மறக்கமுடியாதவனாக ஆக்குவது அவன் பட்ட துயரம்தான் என்று நான் சாதித்துவந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தாய் தகப்பனைப் பறிகொடுத்த வில்லன்கள் காமிக்ஸில் மலிந்து கிடக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட நமக்கு நினைவில் இல்லை. பிரிட்டிஷ் காமிக்ஸின் ஸ்பைடரும் இரும்புக்கை மாயாவியும் குற்றவாளிகளாகத்தான் தொடங்கினார்கள், ஆனால் இருவரும் திருந்தி நல்லவர்கள் பக்கம் வந்துவிட்டதால் அவர்களை வைத்துச் சண்டையிட நமக்கு எதுவும் மிஞ்சவில்லை. டூமை வைத்துத்தான் விடிய விடியச் சண்டை போட்டோம்.

‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ காமிக்ஸின் 1964 ஆண்டு மலரில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் சொன்ன அவனுடைய பூர்வகதையில், இப்போது என்னைப் பிடித்து நிறுத்துவது வெடிவிபத்து அல்ல, அதற்கு முந்தைய சில கட்டங்கள். மாணவர் விடுதியில் டூமின் அறையில் கிடக்கும் தாள்களை, பின்னாளில் அவனுக்குப் பரம எதிரியாகும் சக மாணவன் ரீட் ரிச்சர்ட்ஸ் பார்த்துவிட்டு, தசமத்தில் சிறு பிழை இருக்கிறது என்கிறான். டூம் அவனை விரட்டுகிறான், இயந்திரத்தை இயக்குகிறான், அது வெடித்து முகம் போகிறது. பிறகு திபெத்தில், வார்த்தெடுத்த உலோக முகமூடி முழுதாக ஆறுவதற்குள்ளேயே அதை வாங்கி மாட்டிக்கொள்கிறான். லாட்வேரியா என்கிற நாடு, அரியணை, கவசம், தன் உருவத்திலேயே செய்துவைத்த எந்திர மனிதர்கள் எல்லாமே அந்தத் தசமப் பிழையை ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்காகக் கட்டியெழுப்பப்பட்டவை. வடு மிகச் சிறியது என்பது உன் கட்சி. 1985-இல் ஜான் பைர்ன் அதைத்தான் வரைந்தார்: விபத்து தந்தது சிறு காயம், முகத்தைத் தின்றது சூடான முகமூடி.

டூமைவிட ரீடின் மீதுதான் இன்று எனக்குக் கோபம் வருகிறது. அவன் சொன்னது சரி என்பதாலேயே வருகிறது.

அன்று நம் வீட்டுக் கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நீ நீள நோட்டைப் பார்த்துக் கணக்கு வாசித்துக்கொண்டிருந்தாய். உன் காதில் செருகியிருந்த பென்சிலை நானே உருவி, மூன்றாவது வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "கணக்கு உதைக்குதே, அண்ணா" என்றேன். மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, உன்னையே பார்த்தாள். நீ நோட்டை மூடி ரப்பர் பேண்டை ஒருமுறை சுற்றினாய், இரண்டாம்முறை சுற்றினாய், மூன்றாவது சுற்றில் அது அறுந்து உன் விரலில் அடித்தது. அதைக் குனிந்து எடுக்காமல் வெளியே போனாய்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கவேண்டும். சபையில் கேட்டது என் தவறு, மன்னித்துக்கொள். ஆனால் கூட்டல் தப்புத்தானே? விடுபட்ட தொகைக்கு ஒரே ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஒன்றரை வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிற அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

மருத்துவமனைச் சீட்டுகளை அம்மா போன பிறகுதான் பார்த்தேன். செலவு தெரிந்தால் அவள் மருந்தை நிறுத்திவிடுவாள் என்று நினைத்திருப்பாய், அது புரிகிறது. எனக்குமா சொல்லக்கூடாது?

1989-இல் ரோஜர் ஸ்டெர்ன் எழுதி மைக் மிக்னோலா வரைந்த புத்தகத்தை அதற்குப் பிறகு திரும்ப எடுத்தேன். நரகத்தில் சிக்கிய தாயின் ஆன்மாவை மீட்க, கூட வந்த மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்சையே நரகத்தை ஆளும் மெபிஸ்டோவிடம் டூம் விலைபேசுகிறான். அப்படி ஒரு விடுதலை தனக்கு வேண்டாம் என்று தாய் மறுக்கிறாள், மகனை வெறுத்து ஒதுக்குகிறாள். அந்த மறுப்பினாலேயே அவள் விடுதலை அடைகிறாள். அவள் அப்படித்தான் செய்வாள் என்று கணக்குப் போட்டவன் அவன். சிறுவயதில் நான் அதைத் தியாகம் என்றேன், நீ திமிர் என்றாய். இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருவதால்தான் அவனை விட்டு நம்மால் கண்ணை எடுக்கமுடியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். தன்னை யாரும் புரிந்துகொள்ளத் தேவையில்லை என்கிற அந்த ஆணவம் இல்லாதவனால், அந்த நன்மையைச் செய்திருக்க முடியாது.

உன்னை வில்லன் என்று சொல்லவில்லை. படிக்கிறவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவேண்டாம். ஆனால் அம்மா உன்மேல் மனத்தாங்கலோடு போனாள். அதில் என் பங்கு பென்சில் வட்டம் என்றால், உன் பங்கு அந்த மௌனம். அவள் முகத்தை அப்படிப் பார்த்துக்கொண்டே எப்படி உட்கார்ந்திருந்தாய்?

புத்தகங்கள் நேற்றே கூரியரில் போய்விட்டன. 1989 புத்தகத்தின் பின்னட்டை உட்புறத்தில் பென்சிலால் ஒரு கூட்டல் இருக்கிறது, கையெழுத்து உன்னுடையது. எதற்கான கணக்கு என்று தெரியவில்லை. அதை அழிக்கவில்லை. கூட்டிப் பார்க்கவும் இல்லை.

உன் தம்பி